மெஸ்ஸில் கொடுக்க வேண்டிய அடி

ரயனை அடித்தவன் எவனாக இருந்தாலும் அவன் கையை முறித்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன் என்று என் வீட்டுக்காரர் ஆர்தரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அவர் ஸ்கூட்டரை எடுத்தார். இருபத்தெட்டு வருடமாக எனக்குக் கோபம் வந்தால் அவர் செய்வது அது ஒன்றுதான். 2001 ஜூலை, புனேயில் விடாத மழை. வானவடியிலிருந்து நிக்டி வரைக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத அந்தப் பயலைத் திட்டிக்கொண்டே போனேன்.

வார்டில் கடைசிக் கட்டிலில் கிடந்தவனை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. மேலுதட்டில் நான்கு தையல். இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. இடது காதில் பஞ்சு, பஞ்சு முழுக்க ரத்தம். கழுத்தைச் சுற்றி விரல் தடங்கள் நீலமாகப் பதிந்திருந்தன. போன திங்கட்கிழமைதான் இந்தப் பிள்ளையைத் தலைவாரி, புதுச்சட்டை போட்டு, இன்ஜினியரிங் காலேஜ் விடுதியில் கொண்டுபோய் விட்டிருந்தேன்.

“யாருல அடிச்சது?”

“விழுந்துட்டேன் ஆன்ட்டி. பாத்ரூம்ல.”

“பாத்ரூம் உன் கழுத்தப் புடிச்சு நெரிச்சுதோ?”

அவன் தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் காட்டினான். சொன்னதையே மறுபடி சொன்னேன். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். வெளியே வந்தேன், டாக்டர் ஆர்தரிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். காதின் ஜவ்வு மட்டும் கிழிந்திருந்தால் ஆறிவிடுமாம். உள்ளேயும் அடி பட்டிருக்கிறதாம். அந்தக் காது இனிமேல் கேட்காது என்றார். பதினெட்டு வயதுப் பையன்.

நான் திரும்ப உள்ளே போனபோது ரயன் எழுந்து உட்கார்ந்திருந்தான். “ஆன்ட்டி, நான் காலேஜுக்குத் திரும்பப் போகல,” என்றான்.

அந்த ஒரு சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. காது போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். படிப்பை விட்டால் இந்தப் பிள்ளைகளுக்குப் போக இடம் கிடையாது.

ரயன் வளர்ந்தது ஜம்புநாதன் இல்லத்தில். ஜம்புநாதன் என்பவர் ஒரு பழைய சுபேதார். தமிழ்நாட்டு ரயில்களில் ஏறி புனே ஸ்டேஷனில் வந்து இறங்குகிற, யாருமில்லாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுவந்து வளர்த்தார். மகாராஷ்டிரத்தில் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் அப்பா பெயர் வர வேண்டும். வெற்றாக விட்டால் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அதனால் அப்பா பெயர் தெரியாத பையன்கள் எல்லோருக்கும் மனுஷன் தன் பெயரையே எழுதிவைத்தார். “நாப்பத்தோரு மவன் எனக்கு” என்று மீசையை முறுக்குவார். அவர் செத்து ஆறு வருடமாகிறது. இல்லம் இருக்கிறது. ஆனால் பதினெட்டு முடிந்த பையன் மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும், அதுதான் சட்டம்.

அப்படி வெளியே வருகிறவர்களில் படிக்கிறவனைப் படிக்கவைக்கலாமென்று எங்கள் சர்ச்சிலும் என் ஆபீசிலுமாக ஏழு பேர் சேர்ந்தோம். காலேஜில் உள்ளூர்க் காப்பாளர் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து என்னுடையது. முதல் பையன் கேஷவ், ரயன் சேர்ந்த அதே காலேஜில் கடைசி வருடம் மெக்கானிக்கல். எங்கள் பெருமையே அவன்தான். இரண்டாவது பையன் அபினவ். அவன் இரண்டாம் மாதமே படிப்பை விட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கம் போய்ச் சுற்றினான். ஏழாம் மாதம் வயிற்றில் மூன்று கத்திக்குத்து. பிணவறையில் துணியை விலக்கி ‘ஆமாம், இவன்தான்’ என்று சொன்னவள் நான். காப்பாளர் கையெழுத்தை அங்கேயும் நான்தான் போட்டேன்.

மூன்றாவதாக இவன். இவனும் போக மாட்டேன் என்கிறான்.

விடுதிக்குப் போனோம். விடுதிப் பொறுப்பாளரை இங்கே ரெக்டர் என்பார்கள். ரெக்டர் கரந்தீகர் நல்ல மனுஷன்தான், ஆனால் கோப்பைத் தாண்டி யோசிக்கமாட்டார். முதல் வருடச் சேர்க்கை வருகிற திங்கட்கிழமை முடிகிறது, அன்றைக்கு வகுப்பில் இல்லாதவன் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும் என்றார். ராகிங் தடைச் சட்டம் வந்து இரண்டு வருடமாகிறது, அடிபட்டவன் பெயரைச் சொன்னால் அடித்தவனுக்கு இரண்டு வருடம் வரைக்கும் ஜெயில், ஐந்து வருடம் எந்தக் காலேஜும் சேர்க்காது என்றார். ஆனால் பையன் வாயைத் திறக்க வேண்டுமே.

கேஷவைத் தேடினேன். அறையில் இல்லை. மேசையில் ஒரு சீட்டு எழுதிவைத்தேன்: ‘ரயனை அடித்தது யாரென்று கண்டுபிடித்துக்கொண்டு வீட்டுக்கு வா.’ சீனியர் ஆயிற்றே, ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவான் என்று நம்பினேன். என் புத்தியை எதால் அடிப்பது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேஷவ் வந்தான். ரயனை அன்று காலையில்தான் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தோம், உள்ளறையில் படுத்திருந்தான். கேஷவ் வாசலிலேயே நின்றான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். இரண்டு கையும் பேன்ட் பைக்குள் இருந்தன.

“உள்ள வால. கண்டுபுடிச்சியா?”

“கண்டுபிடிக்க என்ன ஆன்ட்டி இருக்கு.” கையை வெளியே எடுத்தான். வலது கை முட்டியெல்லாம் தோல் உரிந்து, மஞ்சள் மருந்து தடவியிருந்தது. “நான்தான் அடிச்சேன்.”

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் ஆர்தரின் பெரிய குடை சாத்தியிருந்தது. அது என் கைக்கு வந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். பாவி, பாவி என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னேன். குடைக்கம்பி ஒன்று பிய்ந்து அவன் கன்னத்தைக் கீறியது, நான் நிறுத்தவில்லை. மூன்று வருடம் இவன் பெயரைச் சொல்லித்தான் நான் சர்ச்சில் நிமிர்ந்து நடந்தேன். ஆர்தர் என் இடுப்பைப் பிடித்து இழுத்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். இவ்வளவு அடிக்கும் அவன் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

“ஏண்டா கையப் பின்னால கட்டுற?” என்று கேட்டது ஆர்தர்தான்.

“அதுதானே ரூல், அங்கிள்.”

“காரணத்தச் சொல்லுல,” என்றேன். மூச்சு வாங்கியது. “என்ன செஞ்சான் அந்தப் புள்ள உனக்கு?”

கேஷவ் என்னை நேராகப் பார்த்தான். “அவன் ஒண்ணும் செய்யல. நீங்கதான் செஞ்சீங்க.”

சொன்னான். விடுதியில் மூன்று வருடமாக அவன் மேஜர் ஜம்புநாதனின் மகன். எல்லையில் இறந்துபோன அப்பா, ஊரில் அம்மா. ஏதோ ஸ்டுடியோவில் வாங்கின ராணுவக்காரர் படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். அறைக்காரர்கள் காலையில் அதற்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் வெளியே போவார்களாம். போன திங்கட்கிழமை நான் என்ன செய்தேன்? ரயனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், அந்த வராந்தாவில் இருபது பேர் பார்க்க, ஊருக்கே கேட்கிற குரலில், அதுவும் எல்லோருக்கும் புரிய வேண்டுமென்று இந்தியில் சொன்னேன்: இதோ பார் கேஷவ், நம் இல்லத்துப் பையன், உனக்கும் இவனுக்கும் ஒரே அப்பா பெயர், அப்பா அம்மா இல்லாத நீயே முன்னுக்கு வந்தாய், இவனையும் பார்த்துக்கொள். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான்.

“அன்னிக்கு சாயங்காலம் படத்தக் கழட்டி கக்கூஸ்ல மாட்டிட்டாங்க,” என்றான் கேஷவ். “ரெண்டு நாள் சிரிச்சாங்க. புதன்கிழமை ஜூனியர்ஸ எல்லாம் நிக்கவச்சு இன்ட்ரோ கேட்டாங்க. பேரு, அப்பா பேரு. இவன் சொன்னான், ரயன் ஜம்புநாதன்னு. இதோ உன் தம்பி வந்துட்டான்டான்னாங்க. தம்பி இல்லன்னா அடிச்சுக் காட்டுன்னாங்க. மூணு பேர் பிடிச்சுக்கிட்டாங்க. நான் அடிச்சேன். அவன் என்னையே பாத்துட்டு இருந்தான் ஆன்ட்டி. அந்தக் கண்ண மூடணும்னு அடிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல.”

நான் டெலிபோன் பக்கம் போனேன். ரெக்டரைக் கூப்பிட்டு இந்தப் பெயரைச் சொல்லிவிடுவது என்று முடிவு. பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். எண்ணைச் சுற்றும்போது உள்ளறைக் கதவு திறந்தது. ரயன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

“வைங்க ஆன்ட்டி. போலீஸ் வேணாம். நீங்களும் அவன அடிக்கக் கூடாது.” தையல் போட்ட உதட்டால் மெதுவாகப் பேசினான். “அந்த அடி என்னுது.”

எனக்குப் புரியவில்லை. கேஷவுக்குப் புரிந்துவிட்டது, அவன் முகம் வெளுத்தது.

இல்லத்தில் சுபேதார் வைத்துவிட்டுப் போன வழக்கம் ஒன்று இருக்கிறதாம். இத்தனை வருடம் அங்கே போய்வந்த எனக்கு ஒரு பயலும் சொன்னதில்லை. ஒருத்தன் இன்னொருத்தனை அநியாயமாக அடித்துவிட்டால், சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தபிறகு அடித்தவன் நடுவில் வந்து நிற்க வேண்டும். பெயரைச் சொல்லி, செய்ததைச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அடிபட்டவன் ஓர் அடி கொடுப்பான். ஒன்றே ஒன்று. பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் மெஸ்ல,” என்றான் ரயன். “எல்லாரும் இருப்பாங்க. செஞ்சான்னா நான் திங்கக்கிழமை கிளாஸ் போறேன். இல்லன்னா போகல.”

“இங்க அடி,” என்றான் கேஷவ். “எத்தன வேணும்னாலும் அடி. அங்கிள் ஆன்ட்டி முன்னாடி அடி. மெஸ்ல வேணாம்டா.”

“இங்க அடிச்சா இங்கதான் சரியாவும். என்னை அங்கதான் அடிச்ச.”

“ஏல, மிருகங்களா நீங்க? இது கிறிஸ்தவ வீடு,” என்று கத்தினேன். ஒடிந்த குடை இன்னும் என் கையில்தான் இருந்தது. ஆர்தர் அதை வாங்கி மூலையில் வைத்தார். “மில்லி, நீ பேசாத. நம்ம இதுல பேச ஒண்ணுமில்ல,” என்றார். எனக்கு அவர்மீது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அபினவின் முகம் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை இந்தப் பயல் வகுப்பில் இல்லாவிட்டால் இன்னொரு துணியை நான் விலக்க வேண்டிவரும். பேசாமல் உட்கார்ந்தேன்.

கேஷவ் மழையில் இறங்கிப் போய்விட்டான். வருவானா, மாட்டானா என்று தெரியாமல் சனிக்கிழமை முழுக்க நான் பைத்தியம் பிடித்தவள்போல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம், பக்கத்திலிருந்தவள் சொன்னாள்.

மெஸ் வாசலில் வாட்ச்மேன் தடுத்தான். ‘மாவ்ஷி, லேடீஸுக்கு அனுமதி இல்லை’ என்றான். உன் சித்தியை ஊரில் போய்த் தேடு என்று அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன். ஆர்தர் பின்னால் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பு. இருநூறு பையன்கள், தட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. ரயன் பரிமாறும் மேசைக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தான். வீங்கின முகத்தைப் பார்த்து முதல் வருடப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரியவர்கள் மேசையில் யாரோ சிரித்தார்கள்.

கேஷவ் அந்தப் பெரியவர்கள் மேசையில்தான் இருந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், சாப்பிடவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். எழுந்திருக்க மாட்டான் என்று நினைத்தேன். ரயனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், வாசல் பக்கம் திரும்பினான்.

அப்போது பெஞ்சு தரையில் உராய்கிற சத்தம் கேட்டது. கேஷவ் நடுவில் வந்து நின்றான். இந்தியில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

“என் பெயர் கேஷவ் ஜம்புநாதன். என் அப்பா மேஜர் இல்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் அனாதை இல்லத்தில் வளர்ந்தேன். இவனும் அங்கேதான் வளர்ந்தான். புதன்கிழமை இவனை அடித்தது நான். இவன் ஒரு தப்பும் செய்யவில்லை.”

கையைப் பின்னால் கட்டினான். தட்டுச் சத்தம் நின்றுபோயிற்று. ரயன் வந்தான், நிதானமாகக் காலை ஊன்றிக்கொண்டான், தாடையில் ஒரு குத்து விட்டான். எலும்பில் எலும்பு படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கேஷவ் பரிமாறும் மேசைமேல் போய் விழுந்தான். குழம்புப் பாத்திரம் சரிந்தது. எழுந்தான். வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் வந்தன. துப்பிவிட்டு மறுபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“பஸ்,” என்றான் ரயன். போதும் என்று அர்த்தம்.

அது அவர்கள் இருவருக்கும்தான் போதும். மூன்றாவது மேசையிலிருந்து ஒரு தடியன் எழுந்து வந்தான், இரண்டாம் வருடப் பையன். போன வருடம் கேஷவிடம் அடி வாங்கினவன் என்று அப்புறம் தெரிந்தது. வந்த வேகத்தில் ஸ்டீல் தட்டின் விளிம்பால் கேஷவின் நெற்றியில் வெட்டினான். கேஷவ் கையை எடுக்கவில்லை. இன்னொருவன் பின்னாலிருந்து உதைத்தான், முழங்கால் மடிந்து உட்கார்ந்தான், கை அப்படியே பின்னால் இருந்தது. அதற்குள் எட்டுப் பத்துப் பேர் எழுந்துவிட்டார்கள். அவன் அறைக்காரர்களும் அதில் இருந்தார்கள், புதன்கிழமை ரயனைப் பிடித்துக்கொண்ட அதே மூவர். மேஜரின் மகனே, சல்யூட் அடிடா என்று கத்திக்கொண்டே அதில் ஒருவன் அவன் வாயில் உதைத்தான்.

“ஏக் ஹீ,” என்று அலறினான் ரயன். ஒன்றுதான், ஒன்றுதான் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கேஷவுக்கு முன்னால் போய் நின்றான். முதலில் வந்த தடியனின் மூக்கில் தலையால் முட்டினான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. பிறகு எல்லாம் ஒரே கூச்சல். பெஞ்சு பறந்தது. நான் கைக்குக் கிடைத்த தண்ணீர் ஜக்கை எடுத்து, சல்யூட் கேட்டவன் முதுகில் என் பலம் முழுவதும் சேர்த்து அடித்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், அது எனக்கு இனித்தது.

அப்போது ஒருவன் ரயனின் இடது பக்கத்திலிருந்து பெரிய கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தான். நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன், ரயன், ரயன் என்று கத்தினேன். அவன் திரும்பவே இல்லை. அந்தப் பக்கம் அவனுக்கு எதுவும் கேட்காது. கரண்டி தோளில் இறங்கியது. அவன் தடுமாறிச் சாய்ந்தான்.

கேஷவ் அதைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதுவரைக்கும் காதைப் பற்றி யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்தான். எழுந்துபோய் ரயனின் இடது பக்கத்தில் நின்றுகொண்டான். அந்தப் பக்கமிருந்து அதன்பிறகு ஒருவனும் ரயனை நெருங்க முடியவில்லை. நெருங்கினவர்களுக்கு என்ன ஆனது என்று ரெக்டர் இரண்டு பக்கத்துக்கு எழுதினார்.

கரந்தீகர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தபோது தரையெல்லாம் குழம்பும் ரத்தமும் சோறும். யார் ஆரம்பித்தது, யார் யாரை அடித்தது என்று கேட்டுக்கொண்டே போனார். ஒருவனும் பதில் சொல்லவில்லை. ரயன் கவிழ்ந்து கிடந்த ஒரு பெஞ்சை நிமிர்த்தினான். இரண்டு தட்டை எடுத்து, மிச்சமிருந்த சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கேஷவ் போய் அவனுடைய இடது பக்கம் உட்கார்ந்தான். நெற்றியிலிருந்து ரத்தம் தட்டில் சொட்டியது. மெல்ல முடியாமல், அழுதுகொண்டே, ஒவ்வொரு வாயாக விழுங்கினான். ரயன் அவனைப் பார்க்கவே இல்லை. பிடித்தா அப்படி உட்கார்ந்தான், வழக்கத்துக்காகவா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

நான் ஜக்கைக் கையில் பிடித்தபடியே பக்கத்தில் போய் நின்றேன். ஏதாவது கேட்டால் வகுப்புக்குப் போகவில்லை என்று சொல்லிவிடுவானோ என்று பயந்து வாயைத் திறக்காமல் நின்றேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை. ரயன் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தான்.

“ஆன்ட்டி, நாளைக்கு முதல் பீரியட் ஒர்க்‌ஷாப்,” என்றான். “பூட்ஸ் இல்லாம உள்ள விடமாட்டாங்களாம். எட்டாம் நம்பர்.”

ஆர்தர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.